மேல் இறக்கையில் ஒரு துப்பாக்கி

கல்கத்தாவில் பிறந்து லண்டனில் படித்த இந்திரலால் ராயை, முதல் உலகப் போரில் விமானியாகச் சேர வந்தபோது, கண்பார்வை போதாது என்று முதலில் தள்ளிவிட்டார்கள். அவர் விடவில்லை. மோட்டார் சைக்கிளை விற்று, பெரிய கண் மருத்துவர் ஒருவரிடம் காட்டிச் சான்று வாங்கி வந்தார். 1917 ஏப்ரலில் தானாகவே முன்வந்து பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தபோது வயது 18.

அவர் ஓட்டிய எஸ்.இ.5ஏ, மரச்சட்டத்தில் துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம். மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். அதில் துப்பாக்கிகள் இரண்டு. விக்கர்ஸ் துப்பாக்கி முன்விசிறிக்குப் பின்னால் இருக்கும். சுட்டால் விசிறியே சிதறாதா? சிதறாது. எஞ்சினோடு சுழலும் ஒரு கேம் (மேடுள்ள சக்கரம்), எண்ணெய் நிரம்பிய குழாயில் அழுத்த அலையை எழுப்பும். விசிறியின் அலகு குறுக்கே இல்லாத கணத்தில் மட்டுமே அந்த அலை துப்பாக்கியை வெடிக்க வைக்கும்.

லூயிஸ் துப்பாக்கி மேல் இறக்கையின் மீது, விசிறி வட்டத்துக்கும் மேலே இருந்தது. அதனால் அதற்கு இந்த ஏற்பாடு தேவையில்லை. ஆனால் அதன் டிரம்மில் 97 தோட்டாக்கள்தான். விடாமல் சுட்டால் பத்துப் பன்னிரண்டு நொடியில் தீர்ந்துவிடும். பிறகு கண்ட்ரோல் ஸ்டிக்கை முழங்கால்களுக்கு இடையே இறுக்கிக்கொண்டு, வளைந்த தண்டவாளத்தில் துப்பாக்கியைத் தன் முகத்தை நோக்கிக் கீழே இழுக்க வேண்டும். காலி டிரம்மைக் கழற்றும்போது காற்று அதைக் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கும். புதியதை மாட்டி, துப்பாக்கியை மறுபடி மேலே தள்ள வேண்டும். இவ்வளவும் எதிரி சுற்றி வரும்போதே! துணிச்சலைவிடக் கைப்பழக்கம்தான் இங்கே உயிர் காத்தது என்பேன்.

1917 டிசம்பரில் விமானம் விழுந்து ராய் படுகாயமடைந்தார். இறந்துவிட்டார் என்று பிணவறையில் கிடத்தினார்கள், நினைவு திரும்பி உள்ளிருந்து கதவைத் தட்டினார் என்று அவர் கதையைச் சொல்பவர்கள் சொல்வதுண்டு. தேறிவந்த மாதங்களில் விமானங்களாக வரைந்து தள்ளினார். அந்த ஓவியங்கள் சில இன்றும் இருக்கின்றன. பறக்கத் தகுதியில்லை என்ற மருத்துவர்களோடு மல்லுக்கட்டி, 1918 ஜூனில் 40ஆம் ஸ்குவாட்ரனுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஜூலை 6 முதல் 19 வரை, இரண்டே வாரத்தில், சகவிமானிகளோடு பகிர்ந்தவையும் சேர்த்துப் பத்து வான்சண்டை வெற்றிகள். ஜூலை 22 அன்று கார்வான் ஊருக்கு மேலே ஜெர்மானிய ஃபோக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் அவர் விமானம் எரிந்து விழுந்தது. அப்போது பிரிட்டிஷ் போர் விமானிகளுக்குப் பாராசூட் கொடுப்பதில்லை.

பிரான்ஸின் எஸ்டெவெல் கிராமத்துக் கல்லறையில் அவர் அடக்கமாகியிருக்கிறார். கல்லில் வங்காள எழுத்துகள் பொறித்திருக்கின்றன.