முதற்குவளை தருபவர் யார்? பதின்ம வயதினரின் மதுப்பழக்கமும் குடும்பமும்

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதார் மது வாங்குவதற்குரிய குறைந்த அளவு வயது, 2017 டிசம்பர் 1 முதல் 18 இலிருந்து 21 ஆக உயர்த்தப்பட்டது. இவ்விதி விற்பனையாளரைக் கட்டுப்படுத்துகிறது. வீட்டு விருந்தில் தந்தையோ சிற்றப்பாவோ மாமாவோ நீட்டும் குவளையை அது எட்டுவதில்லை. இளையோர் குடிப்பழக்கத்தின் காரணிகளுள் நாம் மிகக் குறைவாகப் பேசுவது இக்குவளையைப் பற்றியே என்பதால், ஈண்டு அதனையே முதன்மையாக நோக்க விழைகிறோம்.

தீநட்பே காரணம் என்று கூறி அமைவது நம்மிடையே வழக்கம். நண்பர்களின் தாக்கம் மெய்யே. ஆயினும் அது ஒருவழிப்பட்டதன்று. குடிக்கும் நண்பர்களால் ஒருவன் குடிக்கத் தொடங்குவதைப் போலவே, குடியில் நாட்டம் கொண்டவன் அத்தகையோரைத் தேடிச் சேர்வதும் உண்டு. மேலும், தம் வயதினர் உண்மையில் குடிப்பதைவிட மிகுதியாகக் குடிப்பதாக இளையோர் கருதிக்கொள்வதையும் ஆய்வுகள் சுட்டியுள்ளன.

அந்நாட்டம் எங்கே முளைக்கிறது? தீபாவளி விருந்திலும் பிறந்தநாள் விழாவிலும் ஆடவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். பனிக்கட்டி கொண்டுவருபவனும் சோடா ஊற்றுபவனும் பெரும்பாலும் பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுவனே. "எப்படியும் குடிக்கத்தான் போகிறான், நம் கண்முன் சிறிது குடித்தால் அளவறிவான்" என்பார் ஒருவர். இதனை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. பிள்ளைமீது கொண்ட அக்கறையால் எழும் கூற்று இது. எனினும், 1,900-க்கும் மேற்பட்ட பதின்ம வயதினரை ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2018 இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்று, பெற்றோர் மது வழங்குவதால் பாதுகாப்பு விளைந்ததற்குச் சான்று எதனையும் காணவில்லை. மாறாக, பெற்றோரிடம் பெற்றவர்கள் பிறரிடமிருந்தும் மது பெறும் வாய்ப்பு கூடியிருந்தது.

பெற்றோர் குடிப்பவராயின் பிள்ளையும் குடிப்பான் என்பது இதன் பொருளன்று. தெளிவான தடை விதித்து, பிள்ளை எங்கே, யாருடன் இருக்கிறான் என்பதை அறிந்திருக்கும் பெற்றோரின் இல்லங்களில் பழக்கத்தின் தொடக்கம் பிற்படுகிறது.

விலையும் அண்மையும் பற்றி நம் முன்னோர் நம்மினும் தெளிவாக அறிந்திருந்தனர். தோட்டத்துக் கள்ளுக்கடை தொழிலாளர் குடியிருப்பை ஒட்டியே நின்றது. 1941 ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப் பின் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினரும் அக்கடைகளுக்கு எதிராகவே கிளர்ந்தனர். தொழிலாளியின் மனவுறுதியை மட்டும் குறைகூறாது, கடை இருக்கும் இடத்தையே அவர்கள் வினவினர். பிற்காலத்தில் கள்ளின் இடத்தைச் சிறு போத்தல்களில் மலிவாக விற்கப்பட்ட சம்சு பிடித்துக்கொண்டது. பள்ளி மாணவன் அதனை நேரே வாங்குதல் சட்டப்படி இயலாது. வாங்கித்தர மூத்தவன் ஒருவன் போதும். அம்மூத்தவன் பல வேளைகளில் உறவினனாகவே இருக்கிறான்.