வீதியின் நிறம்

புகைப்படம் என்றவுடன் திருமண வீடும் கோயில் திருவிழாவும் பெருநாளும் நினைவுக்கு வருவதே நம்மவர் இயல்பு. சந்திக் கடையையோ வெயிலில் வெளிறிய மதிலையோ படமெடுத்துச் சட்டமிட்டு மாட்டினால், இதில் என்ன இருக்கிறது என்றே கேட்போம். 1976 ஆம் ஆண்டு நியூயோர்க் விமர்சகர்களும் இதனையே கேட்டனர். அந்நகரின் நவீன கலை அரும்பொருட்காட்சியகத்தில் வில்லியம் எகிள்ஸ்டனின் வர்ணப்படங்கள் அவ்வாண்டு வைக்கப்பட்டிருந்தன. அமெரிக்கத் தென்பகுதியின் வீதிகள், வீட்டு முற்றங்கள், ஒரு சிறுவர் முச்சக்கர வண்டி என்பனவே அவற்றின் பொருள். அன்று எள்ளப்பட்ட அக்கண்காட்சியே வர்ணப் புகைப்படத்தைக் கலையாக ஏற்கச் செய்த திருப்பமாக இன்று கணிக்கப்படுகின்றது.

அக்காலத்தில் வர்ணம் விளம்பரத்துக்கும் உல்லாசப் பயணிகளுக்கும் உரியதாகவே கருதப்பட்டது. வோக்கர் எவன்ஸ் என்ற பெரும் புகைப்படக் கலைஞர் அதனை நாகரிகமற்றது என்றே ஒதுக்கினார். (அவரே தமது இறுதிக் காலத்தில் போலரொய்ட் கமெராவால் வர்ணப்படங்களை எடுத்துத் தள்ளினார் என்பது வேறு கதை.)

நமது பிராந்தியத்தில் இக்கலையின் முன்னோடி, 1942 இல் ஜெய்ப்பூரில் பிறந்து 1999 இல் மறைந்த ரகுபீர் சிங் ஆவார். கோடக் நிறுவனம் 1935 முதல் 2009 வரை தயாரித்த கொடாக்குரோம் படச்சுருளை விரும்பிக் கையாண்ட அவர், கங்கைக் கரையையும் பம்பாய்த் தெருக்களையும் தமிழ்நாட்டையும் பதிவு செய்தார். இந்தியக் கண் உலகை நிறத்தோடேயே காண்கிறது, கறுப்பு வெள்ளை மேற்குலகின் மனநிலைக்கு உரியது என்பது அவர் வாதத்தின் சாரம். இதனை முழுமையாக ஏற்பதற்கில்லை. நமது லயனல் வென்ட் (1900-1944) கறுப்பு வெள்ளையிலேயே இந்நாட்டின் ஒளியைப் பிடித்துக் காட்டியவரல்லவா?

ரகுபீர் சிங்கின் மறைவுக்குப் பின் 2002 இல் வெளிவந்த நூல் நமக்கு மிக நெருக்கமானது. அம்பாசடர் காரின் கண்ணாடியும் கதவும் சட்டமாக அமைய, அவற்றினூடாக வீதிகளை அதில் காட்டினார். அம்பாசடரின் மூலம் மொறிஸ் ஒக்ஸ்போர்ட். யாழ்ப்பாணத்து வீதிகளிலோ மொறிஸும் ஒஸ்ரினும் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின. அந்த வீதிகளைப் போரின் சாட்சியமாகப் படமெடுத்தோர் பலர். அன்றாட வாழ்வின் நிறத்துக்காக எடுத்தோர் மிகச் சிலரே.

இக்குறையின் கனத்தைச் சரவணை போன்ற ஊரில் நின்றால் உணரலாம். அது நகரமன்று, வேலணைத் தீவிலுள்ள ஒரு கிராமம். 1990 களின் தொடக்கத்தில் தீவக மக்களிற் பெருந்தொகையானோர் போரினால் இடம்பெயர்ந்தனர். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணச் சோனகத் தெருவின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேரத்துள் வெளியேற்றப்பட்டனர். வீடிழந்தவர் வீட்டை நினைவிலிருந்து வரையலாம். தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட ‘த இன்கம்ப்ளீற் தோம்பு’ என்ற நூல் அவ்வாறு பெறப்பட்ட வீட்டு வரைபடங்களாலானது. ஆனால் கடைப்பலகையின் பச்சை எந்தப் பச்சை, சுவரின் நீலம் எந்த நீலம் என்பதற்கு நினைவு உறுதியான சாட்சியன்று.

எஞ்சியிருப்பவை குடும்ப அல்பங்கள். மணமக்களின் காருக்குப் பின்னே, பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைக்குப் பின்னே, யாரும் கருதி எடுக்காத வீதி அங்கே தற்செயலாகப் பதிந்திருக்கிறது. அதுவும் அழிகின்றது. வர்ணப்படக் கடதாசியில் மூன்று சாயங்கள் உள்ளன. 1970 களின் பிரதிகள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் முதலில் சிதைவதனால், படம் முழுவதும் செம்மை படர்கின்றது. வெப்பமும் ஈரப்பதனும் இதனை விரைவுபடுத்தும். கடல் சூழ்ந்த ஊர்களில் இவ்விரண்டுக்கும் குறைவில்லை. அல்பத்தைக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைப்பதும், காலந்தாழ்த்தாது கணினிப் பிரதி எடுப்பதும் அவசியம். அப்போது முகங்களை மட்டும் வெட்டியெடுத்துப் பின்னணியை நீக்கிவிட வேண்டாம். படத்தின் பின்புறத்தில் தெருவின் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் குறித்து வைக்கலாம்.