மூலனூரில் பூத்துக் குலுங்கும் 'விஷ' அழகி!
கையால் தொட்டு வைத்தால்தான் காய் பிடிக்கும்

கார்த்திகை மாதம் தாராபுரத்தை அடுத்த மூலனூர் பக்கம் பஸ்சில் போகிறவர்கள், ஜன்னல் வழியே ஒரு முறை எட்டிப்பார்த்தால் போதும். கம்பிப் பந்தலில் தீப்பிடித்தது போல சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கள் தெரியும்.

அதுதான் கண்வலிக்கிழங்கு! தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் இதுவே.

பூவுக்கு 6 இதழ். முதலில் பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் ரத்தச் சிவப்பு. ஒரே பூ இத்தனை நிறம் மாறும். இலையின் நுனியே சுருண்டு, கம்பியைப் பற்றிக்கொண்டு கொடி படரும்.

தலையில் சூடவோ, மாலை கட்டவோ இதை வளர்ப்பது இல்லை. விதைக்காகத்தான் இந்தப் பாடு!

காலையில் கை வேலை

ஆடி, ஆவணியில் கிழங்கை ஊன்றுகிறார்கள். தை, மாசியில் காய் பறிப்பு. ஏறக்குறைய 6 மாத வெள்ளாமை. கொடி காய்ந்து போனாலும் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். அடுத்த மழைக்கு மறுபடியும் முளைக்கும்.

"ஏனுங்க, பூத்தா தானா காய்க்காதா?" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல்.

இந்தப் பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி, மகரந்தத்துக்கு எட்டாமல் விலகி நிற்கிறது. வண்டை மட்டும் நம்பினால் காய் குறைந்துவிடும். எனவே காலை வேளையில் ஆட்கள் பூப்பூவாகப் போய், மகரந்தத்தை எடுத்து சூல்முடியில் தொட்டு வைக்கிறார்கள். பூக்கும் காலம் முழுவதும் தினமும் இதே வேலைதான்.

கூலி நிச்சயம், விலை?

விதையில் 'கோல்சிசின்' என்ற மருந்துச் சரக்கு இருக்கிறது. மூட்டு வீங்கி வலிக்கும் 'கவுட்' நோய்க்கு இது பெயர் பெற்ற மருந்து. 2023-ம் ஆண்டு அமெரிக்காவில் மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் இதற்கு அனுமதி கிடைத்தது. விதை வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதி ஆகிறது.

ஆனால் விலை ஒரு வருஷம் ஏறும், மறு வருஷம் சரியும். விலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூ தொட்ட ஆளுக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். அதனால்தான் அரசே விலை நிர்ணயிக்க வேண்டும் என்று விவசாயிகள் கேட்டு வருகிறார்கள்.

வீட்டில் வளர்க்கலாமா?

அழகுக்காக வேலியோரம் வைக்க ஆசைப்படுகிறவர்கள் உஷாராக இருக்க வேண்டும். கிழங்கு, விதை, இலை எல்லாமே விஷம்! சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று நினைத்து இதைத் தின்று உயிர் விட்டவர்களும் உண்டு.

தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, பேதி தொடங்கும். பிறகு உடலின் உள் உறுப்புகளையே பாதிக்கும். தப்பிப் பிழைத்தவர்களுக்கும் தலைமுடி கொட்டும். கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல், மிச்சக் கிழங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சின்னக் குழந்தைகளும் ஆடு, மாடுகளும் உள்ள வீட்டுக்கு இந்த அழகி வேண்டவே வேண்டாம். மூலனூர் பந்தலில் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.