வலப்புறம் இருந்த சிறுவன்

ஒக்டோபர் முதலாம் திகதி சிறுவர் தினம் வந்தால் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுக்கிறோம். ஆசிரியர்கள் மேடையேறிப் பாடவும் செய்கிறோம். நல்ல விடயம்தான். ஆனால் அன்பு வேறு, மரியாதை வேறு. அன்பில் நம்மவர்கள் யாருக்கும் குறைந்தவர்களல்லர். பெற்ற மகனையே ‘வாப்பா’ என்றும், மகளை ‘உம்மா’ என்றும் கூப்பிடுகிற வழக்கு நம்முடையது. மரியாதையை மட்டும் சிறியவர் பெரியவருக்குச் செலுத்துகிற ஒன்றாகவே புழங்குகிறோம். ‘மரியாத தெரியாத புள்ள’ என்று லேசாகச் சொல்லிவிடுவோம். பிள்ளைக்கு மரியாதை கொடுக்கத் தெரியாத பெரியவரைக் குறிக்க நம் பேச்சில் ஒரு சொல் இல்லை.

ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரழி) அறிவிக்கும் ஒரு செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களிடம் ஒரு பானம் கொண்டுவரப்பட்டது. அவர்கள் அருந்தினார்கள். வலப்புறத்தில் ஒரு சிறுவர். இடப்புறத்தில் வயதில் மூத்தவர்கள். வலப்புறமிருந்து கொடுத்துவருவதே ஒழுங்கு. மூத்தவர்களுக்கு முதலில் கொடுக்க அனுமதி தருவாயா என்று நபியவர்கள் அந்தச் சிறுவரிடம் கேட்டார்கள். தங்களிடமிருந்து எனக்குக் கிடைக்கும் பங்கை எவருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்றார் அவர். பாத்திரம் அவர் கையிலேயே வைக்கப்பட்டது.

இதைக் குழந்தைகள் மீதான இரக்கத்துக்கு உதாரணமாகப் பயான்களில் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. இரக்கம் என்பது கொடுப்பவர் விரும்பினால் கொடுப்பது, விரும்பாவிட்டால் விடுவது. இங்கே நடந்தது வேறு. அந்தப் பங்கு சிறுவருக்கு உரியது, அதனால்தான் அனுமதி கேட்கப்பட்டது. ‘மாட்டேன்’ என்ற பதிலுக்கும் இடம் வைத்தே கேட்கப்பட்டது. மறுத்த பிறகு ‘பெரியாக்கள் இரிக்கக்குள்ள இப்படியா?’ என்று யாரும் முகம் சுளித்ததாக அந்த அறிவிப்பில் இல்லை.

நம் கலியாண வீட்டை நினைத்துப் பாருங்கள். சஹனைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள் அமர்ந்து சோற்றில் கை வைக்கப் போகும் நேரம் வெளியூர் விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். ‘மகன், எழும்புங்க, பொறகு தின்னலாம்’ என்று தோளில் தட்டி எழுப்புவோம். கேட்பதில்லை, சொல்வதுதான். பிள்ளைகளும் எழும்பிவிடும், பழகிப்போனதால்.

பள்ளிவாசல் ஸப்பிலும் இதே கதை. ஜும்ஆவுக்கு நேரத்தோடு வந்து முன் ஸப்பில் உட்கார்ந்த பத்து வயதுப் பையனை, இகாமத் சொல்லும்போது வந்தவர் கையைப் பிடித்துப் பின்னுக்கு அனுப்புகிறார். ஆண்களுக்குப் பின்னால் சிறுவர்கள் நிற்பது ஒழுங்கு என்பது உண்மையே. ஆனால் முந்தி வந்து இடம் பிடித்த சிறுவர்களைப் பெரியவர்களுக்காகப் பின்தள்ளக் கூடாது என்று நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களே பேசுகின்றன. முதல் பாதியைப் பிடித்துக்கொண்டோம்; மறு பாதியை விட்டுவிட்டோம்.

அடி விடயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பத்து வயதில் தொழாவிட்டால் அடிக்கச் சொல்லும் ஹதீஸ் ஓதப்பள்ளியிலும் பாடசாலையிலும் பிரம்புக்குச் சான்றிதழாகக் காட்டப்படுகிறது. அதே ஹதீஸ் ஏழு வயதிலிருந்து தொழச் சொல்லும்படி ஏவுகிறது. நாளுக்கு ஐந்து வேளை, மூன்று வருடம்: 5,475 தடவை வாயால் சொல்ல வேண்டும்! அதற்குப் பிறகுள்ள அடியும் காயப்படுத்தாததாக, முகத்தில் படாததாக இருக்க வேண்டும் என்று சட்ட அறிஞர்கள் கட்டுப்படுத்தினார்கள். பேச்சு தொழுகையைப் பற்றியது. வாய்ப்பாடு மறந்ததற்கோ, கொப்பி கொண்டுவராததற்கோ அதில் எந்த அனுமதியும் கிடையாது. நபியவர்கள் தம் கையால் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் அடித்ததில்லை, போர்க்களம் தவிர, என்று ஆயிஷா (ரழி) சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு.

நாட்டுச் சட்டமும் தெளிவு. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றது. பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மனித கௌரவத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்கிறது அதன் 28 ஆம் உறுப்புரை. கல்வி அமைச்சின் சுற்றுநிருபங்கள் 2005 இலும் 2016 இலும் உடல் தண்டனையைத் தடுத்தன. ஆசிரியர் அறைந்ததால் காதின் கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. சித்திரவதையையும் இழிவான நடத்துகையையும் தடுக்கும் உறுப்புரை அது.

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் சட்டம் சேர், அடிக்காட்டிப் புள்ள படிக்காது’ என்பார்கள். இப்னு கல்தூன் வெள்ளைக்காரரல்லர். 14 ஆம் நூற்றாண்டில் எழுதிய முகத்திமாவில் மாணவர் மீதான கடுமைக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். அடக்குமுறையில் வளரும் பிள்ளை சோம்பலுக்கும் பொய்க்கும் தள்ளப்படுகிறது, தண்டனைக்குப் பயந்து உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டப் பழகுகிறது என்பது அவர் வாதம். ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்ததும் சட்டென்று மாறும் முகங்களை இருபது வருடமாகப் பார்ப்பவனுக்கு அதை நம்பச் சிரமமில்லை.

கைதான் அடிக்கும் என்றுமில்லை. ‘மொக்கன்’, ‘கறுவல்’ என்று நாம் வைக்கும் பெயர் ஐந்தாம் தரத்தில் ஒட்டினால் சாதாரண தரம் வரை கூடவே வரும். பட்டப்பெயர் சூட்டி அழைப்பதை சூரா ஹுஜுராத் தடுக்கிறது. பெரியவர்களுக்கு மட்டும் என்று அங்கே வரையறை இல்லை. சொன்ன வேலையை விட்டுவிட்டுத் தெருவில் பிள்ளைகளோடு நின்ற அனஸ் (ரழி) அவர்களை நபியவர்கள் பின்னால் வந்து பிடரியில் பிடித்தார்கள், சிரித்தபடி. செல்லமாக ‘உனைஸ்’ என்று அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். வேலை நினைவூட்டப்பட்டது, மானம் போகவில்லை.

சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயங்களில் பிள்ளை தன் கருத்தைச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அது கணக்கிலெடுக்கப்படவும் உரிமை தருகிறது. பிள்ளை கேட்டதெல்லாம் நடக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் உயர்தரப் பிரிவு தேர்ந்தெடுக்கும் நாட்களில் இந்த உறுப்புரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும். வாப்பா விஞ்ஞானம் என்பார், மாமா வர்த்தகம் என்பார், மகள் சுவரோரமாக நிற்பாள். ‘மகள் என்ன நெனக்கிறீங்க?’ என்று கேட்டால் அவள் முதலில் வாப்பாவின் முகத்தைத்தான் பார்க்கிறாள். இப்போதெல்லாம் அவளுக்கும் ஒரு கதிரை போட்டு, அவள் பேசி முடிக்கும் வரை படிவத்தை எடுக்காமல் வைத்திருக்கிறேன்.