எரிமலை எறியும் கற்கள்

அடுப்பில் விறகு எரிந்து அடங்கியபின் எஞ்சும் பொடிக்கு வழங்கும் பெயரையே, எரிமலை ஆகாயத்தில் வாரி இறைக்கும் நுண்பொடிக்கும் உலகத்துப் பாஷைகள் பலவும் சூட்டிவிட்டபடியால், அதுவும் எதையோ எரித்ததன் மிச்சம் என்ற எண்ணம் நம் மனத்தில் வேரூன்றிவிட்டது. உண்மையில் அங்கே எரிவதற்கு விறகும் இல்லை, மிஞ்சுவதற்குச் சாம்பலும் இல்லை. உருகிய பாறை நுரைத்து, சிதறி, கீழே விழுமுன்பே உறைந்துபோன கண்ணாடித் துகள்களும், மலையின் தொண்டையிலிருந்து பெயர்ந்த பழம்பாறையின் நொறுங்கலுமே அது. எரிமலை வீசும் திடப்பொருள் அனைத்துக்கும் பொதுப்பெயர் ஒன்று வேண்டுமென்று 1944-ல் ‘டெஃப்ரா’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஐஸ்லாந்து விஞ்ஞானி சிகுர்துர் தோராரின்ஸன்கூட, கிரேக்க மொழியில் சாம்பலைக் குறிக்கும் சொல்லையே எடுத்துக்கொண்டார் என்றால், பழைய பெயரின் பிடி எத்தனை வலியது பாருங்கள்!

கல் நுரைப்பது எங்ஙனம்? கோலி சோடாவைக் கண்டவர்களுக்கு இது விளங்காத விஷயமன்று. கோலி வாயை அடைத்திருக்கும்வரை தெளிந்த நீராக நிற்பது, அதை உள்ளே தள்ளிய கணத்தில் பொங்கி வழிகிறதல்லவா? பூமியின் கர்ப்பத்தில், மேற்பாறைகளின் பெரும் பாரத்தின்கீழ், பாறைக்குழம்பில் நீராவியும் கரியமில வாயுவும் கந்தக வாயுக்களும் கரைந்தே கிடக்கின்றன. குழம்பு மேலேறி, அழுத்தம் குறையக் குறைய, அவை குமிழிகளாகப் பிரிகின்றன. ஹவாய்த் தீவுகளில் காண்பதுபோல் குழம்பு நெகிழ்ச்சியாக இருந்தால் வாயு இலகுவாக வெளியேறிவிட, லாவா பெரும்பாலும் ஆறாக ஓடுகிறது. சிலிக்கா மிகுந்து பாகுபோல் இறுகியிருந்தாலோ, வெளியேற வழியின்றி அடைபட்ட குமிழிகள் ஒன்றையொன்று நெருக்கி, கடைசியில் குழம்பையே பொடிப்பொடியாகச் சிதறடித்துவிடுகின்றன.

சிதறியவற்றை விஞ்ஞானிகள் முதலில் பிரிப்பது பருமனைக் கொண்டுதான். 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தது சாம்பல்; அதற்குமேல் 64 மில்லிமீட்டர் வரை லாபில்லி, அதாவது லத்தீனில் ‘சிறுகற்கள்’. அதனினும் பெரியவற்றில் இரண்டு ஜாதி உண்டு. ஏற்கெனவே இறுகியிருந்த பாறை பெயர்ந்து வந்தால் கோணல்மாணலான பாளம். உருகிய நிலையிலேயே வீசப்பட்டு, பறக்கும்போதே உருவம் பெற்றால் குண்டு. சுழன்று பறந்து இருமுனையும் கூர்த்த கதிர்வடிவக் குண்டுகள் உண்டு. மேலோடு உறைந்தபின்னும் உள்ளே வாயு பொங்கியதால், ரொட்டியின் மேற்புறம்போல வெடிப்புவிட்ட குண்டுகளை இத்தாலியின் வுல்கானோ தீவு 1888 முதல் 1890 வரை ஏராளமாக வீசியிருக்கிறது. தரையில் விழும்போதும் இளகியே இருந்து சப்பென்று பரவியவற்றுக்கு மேனாட்டுப் பண்டிதர்கள் யோசித்துச் சூட்டிய சாஸ்திரப் பெயர் என்ன தெரியுமா? ‘மாட்டுச்சாணிக் குண்டு’! நம் ஊரில் பிறந்திருந்தால் அதை வறட்டி என்றே சொல்லியிருப்போம்.

ஆனால் மனித சரித்திரத்தில் பெருங்கேடு செய்தவை இந்தப் பெரிய குண்டுகளல்ல. உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாத நுரைக்கற்களும் பொடியுமே. கி.பி. 79-ல் வெசூவியஸ் வெடித்தபோது, பொம்பெய் நகரத்தின்மீது மணிக்கணக்காகப் பெய்தது நுரைக்கல் மழைதான். முதலில் வெண்மையாகவும், பின்னர் குழம்பின் ஆழத்துப் பகுதி வெளிப்பட்டபோது சாம்பல் நிறமாகவும் அது விழுந்து ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்துக்குக் குவிந்தது; பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்தன. பொம்பெய்க்கு அருகே ஸ்தாபியே என்ற கடலோர ஊரில் அகப்பட்டுக்கொண்ட ரோமானியப் பண்டிதர் மூத்த பிளினியும் அவர் தோழர்களும் தலையணைகளைத் தலைமேல் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்ததை, அவருடைய சகோதரி மகன் இளைய பிளினி வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதிய கடிதத்தில் குறித்திருக்கிறார். மூத்தவர் அந்தக் கரையிலேயே மாண்டார். பொம்பெயில் எஞ்சியிருந்தவர்களை, மலைச்சரிவில் தரையோடு பாய்ந்து வந்த கொதிக்கும் வாயு-சாம்பல் பிரவாகம் முடித்துவிட்டது. அந்தச் சாம்பல் உடல்களைச் சுற்றி இறுக, உடல்கள் அழிந்து வெற்றிடங்கள் எஞ்ச, 1863-ல் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் பியோரெல்லி அவற்றில் சாந்து ஊற்றி எடுத்த உருவங்களையே இன்று நாம் படங்களில் காண்கிறோம்.

நுரைக்கல் நீரில் மிதக்கும். 1883-ல் இந்தோனேசியாவின் கிரகதோவா எரிமலை வெடித்தபோது சிதறிய நுரைக்கற்கள் தெப்பங்களாகத் திரண்டு, இந்து மகாசமுத்திரத்தைக் கடந்து ஆப்பிரிக்காவின் கீழ்க்கரை வரை போயின. விசித்திரம் என்னவென்றால், கற்களில் மிகமிக இலேசானதாகிய ஹவாயின் வலைநுரைக்கல் மிதப்பதில்லை. அதன் குமிழிச் சுவர்கள் உடைந்து, மெல்லிய சட்டங்கள் மட்டுமே மிஞ்சியிருப்பதால், நீர் ஒரு நொடியில் உட்புகுந்து அதை மூழ்கடித்துவிடுகிறது.

சாம்பல் மென்மையானது என்று நினைப்பவர்களுக்கு 1982 ஜூன் 24 இரவு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். ஜாவாவின் காலுங்குங் எரிமலை கக்கிய மேகத்துள் அறியாமல் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், துகள்கள் எஞ்சின்களின் உஷ்ணத்தில் உருகி உள்ளே ஒட்ட, நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஈரமற்ற தூளாதலால் ராடார் அதைக் காட்டவில்லை. மேகத்தைவிட்டுத் தாழ வந்த பிறகு எஞ்சின்கள் மீண்டும் உயிர்பெற்றன. துகள்கள் உராய்ந்து முன்கண்ணாடி மங்கிப்போன நிலையில் விமானம் ஜகார்த்தாவில் இறங்கியது. பயணிகள் அனைவரும் பிழைத்தனர்.

இந்தத் தூள் நம் தேசத்துக்கும் வந்ததுண்டு. சுமார் 74,000 ஆண்டுகளுக்குமுன் சுமத்திராவில் தோபா வெடித்தபோது பறந்த சாம்பல், 2,500 கிலோமீட்டருக்கும் அப்பால், ஆந்திராவின் ஜுர்ரேறு நதிப் பள்ளத்தாக்கில் படிந்தது. அது காணப்படும் கிராமத்தின் பெயர் ஜ்வாலாபுரம். பெயர்ப் பொருத்தம் தற்செயலாகவே இருக்க வேண்டும். வானத்திலிருந்து நேராக விழுந்தது சில சென்டிமீட்டரே. சுற்றுமேடுகளிலிருந்து மழைநீர் அடித்து வந்ததையும் சேர்த்து, சில இடங்களில் 2 மீட்டருக்குமேல் கனத்து நிற்கிறது. அந்த அடுக்குக்குக் கீழேயும் மேலேயும் மனிதர் செய்த கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன.