உங்களுக்குத் தெரியுமா? ஒளியில் ஏறி வரும் கரண்ட்

● ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போனால், அப்பரில் பூ டிசைன் பொறிக்கும் லேசர் மெஷினைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கதிர் கண்ணுக்குத் தெரியாது. அது ஓடிய தடத்தில் தோல் கருகி, முடி பொசுங்குகிற வாடை மட்டும் வரும். இவ்வளவு காரமான கதிரை சோலார் செல்மேல் காட்டினால் கரண்ட் வராது, செல்தான் பொசுங்கும். அந்த மெஷினில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு லேசர்; அதன் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். சோலார் செல்லில் இருக்கும் சிலிக்கானோ 1.1-க்கு மேல் எதையும் சட்டை செய்யாது.

● வெயிலூர் என்று கேலி வாங்கிய வேலூரில், மொட்டைமாடி பேனலுக்கு வேறு தொல்லை. பேனலின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். கத்திரியில் 65 டிகிரி ஏறினால் ஆறில் ஒரு பங்கு காலி!

● வெயிலில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. நீல ஒளியில் செல்லுக்குத் தேவையானது போக மிஞ்சும் ஆற்றல் சூடாகிவிடும். நீண்ட அலை அகச்சிவப்பு வந்த சுவடே இருக்காது. அதனால் ஒற்றை அடுக்கு செல், சாதாரண வெயிலின் ஆற்றலில் 34 சதவீதத்தைக்கூட மின்சாரமாக மாற்ற முடியாது. செல்லுக்குப் பிடித்த ஒரே நிறத்தை மட்டும் ஊட்டினால்? ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வகம் 2021-இல் 858 நானோமீட்டர் லேசரை காலியம் ஆர்சனைடு செல்மேல் பாய்ச்சி 68.9 சதவீதம் எடுத்தது. மெல்லிய செல்லுக்கு முதுகில் ஒரு கண்ணாடி; தப்பப் பார்த்த ஒளி மறுபடி உள்ளே.

● கண்ணாடி மங்கினால் ஒளி நஷ்டம். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் இதே கவலைதான். அவ்வப்போது பழைய அலுமினியப் பூச்சைக் கழுவிவிட்டு, காற்றை உறிஞ்சி எடுத்த அறையில் வைத்துப் புதுசாகப் பூசுவார்கள்.

● அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்ப்பா 2025-இல் நியூ மெக்சிகோவில் 8.6 கிலோமீட்டருக்கு லேசர் பாய்ச்சி, மறுமுனையில் 30 விநாடிக்கு 800 வாட்டுக்கு மேல் எடுத்தது. ஆம்பூரிலிருந்து வாணியம்பாடிக்குப் பாதி தூரம். நம் 750 வாட் மிக்ஸி தாராளமாக ஓடும். ஆனால் கிட்டத்தில் சோதித்தபோதே, லேசராகப் புறப்பட்டதில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகத் தேறியது. லேசரை உண்டாக்கச் செலவான கரண்ட் தனிக் கணக்கு. வந்த மின்சாரத்தில் பாப்கார்ன் பொரித்தார்களாம்!