தாய்ச்செடியும் பக்கக்கன்றுகளும்

வடநாட்டில் குடியேறிய தமிழர் இல்லங்கள் பலவற்றில் சோற்றுக்கற்றாழைத் தொட்டி ஒன்றைக் காணலாம். ஊரிலிருந்து செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த சிறு கன்று, நாலைந்து ஆண்டுகளில் தொட்டி கொள்ளாமல் பெருகிவிடுகிறது. பெருகுவதைக் கண்டு மகிழும் நாம் அதைப் பிரித்து நடமட்டும் துணிவதில்லை. தாய்வீட்டுச் செடியாயிற்றே, பட்டுப்போய்விட்டால் என் செய்வது என்னும் அச்சமே காரணம்.

டில்லியில் நம் இல்லத்திலும் அவ்வாறே நேர்ந்தது. அன்னையார் கொடுத்தனுப்பிய கன்று அது. அவர் மறைந்தபின் அதில் கைவைக்க எவருக்கும் மனம் வரவில்லை. தாயைச் சுற்றிப் பதினொரு கன்றுகள் நெருங்கி நின்றன. மடல்கள் மெலிந்து சாயத் தொடங்கின. நீர் போதவில்லை போலும் என்றெண்ணி நாள்தோறும் ஊற்றினோம், வேர் அழுகிற்று. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது தாய்ச்செடியின் அடி கூழாகிவிட்டிருந்தது. கன்றுகளையே காப்பாற்ற முடிந்தது.

அந்த இழப்பில் கற்றதை நேயர்களுக்குக் கூறுகிறோம். டில்லி போன்ற ஊர்களில் பிரித்து நடுவதற்கு ஏற்றது பங்குனி மாதம். மார்கழி, தைக் குளிரில் வேர் எளிதில் ஓடாது. ஆடி, ஆவணி மழையில் வெட்டுவாய் அழுகும். நான்கு நாள் முன்னதாகவே நீரை நிறுத்திவிட வேண்டும். பின்னர்ச் செடியை மண்ணோடு கவிழ்த்தெடுத்து, நாலைந்து மடலும் சொந்த வேரும் உள்ள கன்றுகளைத் தூய கத்தியால் தாயினின்றும் பிரிக்க வேண்டும். கறுத்துக் குழைந்த வேர்களை நீக்கி, கன்றுகளை இரண்டு மூன்று நாள் நிழலில் ஆறவிட வேண்டும். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகே நடலாம்.

அடியில் துளையுள்ள மண்தொட்டியே சிறந்தது. தோட்டமண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு போதும். தொட்டி பெரிதாயிருப்பின் ஈரம் தங்கிக் கேடு செய்யும். நட்டு ஒரு வாரம் கழித்தே முதல் நீர். இரு வாரம் நிழல். அதன்பின் காலை வெயில். மேல்மண் இரண்டு அங்குல ஆழம் உலர்ந்தாலொழிய மறுபடியும் நீர் விடலாகாது.

பதினொன்றில் எட்டு வேர்பிடித்தன. இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை அண்டை வீடுகளுக்குக் கொடுத்தோம். அடுத்த தை மாதத்துக் கடும்பனியில், வெளியே மறந்து விட்டிருந்த நம்முடைய இரண்டும் வெந்து கருகின. செய்தியறிந்த அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார், இரண்டாண்டு கழித்துத் தம் தொட்டியில் முளைத்த கன்றொன்றைத் தாமே எடுத்துவந்து தந்தார். அன்னையார் கொடுத்த செடியின் வழிவந்ததாக இன்று நம் இல்லத்தில் நிற்பது அதுவே.

கற்றாழையின் தாயகம் அரேபியத் தீபகற்பம் என்பர் தாவர நூலார். அச்செடி கடல்கடந்து வந்து நம் நாட்டில் நிலைத்தது கன்று பிரிந்து பிரிந்துதான். வரும் பங்குனியில் உங்கள் தொட்டியையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். அடுத்த வீட்டாருக்கும் ஒரு கன்று கொடுத்து வையுங்கள்.